கடலுக்குப் போகும் வீட்டில் நாவல்

பிள்ளைகள் பிறந்த பிறகு கதைப் புத்தகம் படிக்க ஏது நேரம் என்று இராமேஸ்வரம் பக்கத்தில் எங்கள் ஊரான தங்கச்சிமடத்தில் என்னிடம் கேட்காத பெண்கள் குறைவு. பள்ளிக்கூட நாட்களில் தொடர்கதைக்காக வாரப் பத்திரிகையை அக்கா தங்கையோடு சண்டை போட்டு வாங்கிப் படித்தவர்கள்தான் அவர்களும். கல்யாணம், பிரசவம், மாமியார் வீடு, கருவாடு, சீட்டுப் பணம் என்று ஒவ்வொன்றாக வந்ததில் அந்தப் பழக்கம் எங்கோ நின்றுவிட்டது. தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் என்று பத்திரிகைகளில் யோசனை சொல்கிறார்கள். எல்லா நாளும் ஒன்றுபோல ஓடுகிற வீட்டுக்கு அது சரி. எங்கள் வீட்டில் திங்கட்கிழமை ஒரு விதம், செவ்வாய்க்கிழமை வேறு விதம். காற்று மாறினால் இரண்டும் மாறும். அதனால் நான் கடிகாரத்தைப் பார்த்து வாசிப்பதில்லை, கடலுக்குப் போகும் நாளைப் பார்த்து வாசிக்கிறேன். இரண்டு பிள்ளைகளையும் அத்தையையும் வைத்துக்கொண்டு தடிமனான நாவல்களையும் முடிக்க முடிகிறது என்றால் அதனால்தான்.

என் வீட்டுக்காரர் இராமேஸ்வரத்தில் ஒரு விசைப்படகில் டிரைவர். இங்கே விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்துக்கு 3 நாள் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. காலையில் போகிற படகு மறுநாள் காலையில்தான் கரைக்கு வரும். ஆக வாரத்தில் மூன்று இரவு அவர் வீட்டில் இருக்க மாட்டார். அந்த இரவுகளில் எனக்கு ஆழ்ந்த தூக்கம் வராது. இந்தக் கரையில் பெரும்பாலான மனைவிகளுக்கு வராது. இஞ்சின் நின்றுவிட்டதா, எல்லைப் பக்கம் ஏதாவது ஆகிவிட்டதா என்று காது ஃபோனிலேயே இருக்கும். கல்யாணமான புதிதில் டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூத்தவள் பிறந்ததும் சத்தம் ஆகாது என்று டிவி நின்றது. அப்போது கையில் எடுத்ததுதான் நாவல். அன்றிலிருந்து விடவில்லை.

ஏன் நாவல் என்றால், இரவு நீளமானது. சிறுகதை எனக்குப் பிடிக்கும், ஆனால் ஒன்று முடிந்து இன்னொன்றைத் தொடங்குவதற்குள் மனம் திரும்பக் கடலுக்குப் போய்விடும். நாவலில் அப்படி இல்லை. நேற்று விட்ட ஆட்கள் இன்றும் அங்கேயே இருக்கிறார்கள். அவர்களுக்குக் கல்யாணம் ஆகிறது, சொத்துத் தகராறு வருகிறது, பிள்ளை பிறக்கிறது. நான்கு வாரம் ஒரு குடும்பத்தோடு இருந்துவிட்டு வருகிறோம். வீட்டு ஆண் கடலில் இருக்கும்போது தனியாக விழித்திருப்பதற்கும், இன்னொரு வீட்டுச் சனங்களோடு விழித்திருப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் எந்த இரவுக்கு எந்த நாவல் என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004-இல் வந்தது. நம் கடற்கரைச் சனங்களைப் பற்றி இவ்வளவு விரிவாக, உள்ளிருந்து எழுதிய நாவல் அரிது. எல்லோரும் வாசிக்க வேண்டும் என்று நான் மனதாரச் சொல்வேன். ஆனால் நடுக்கடலில் தத்தளிக்கும் மனிதர்களை வைத்துக்கொண்டுதான் அது கதை சொல்கிறது. வீட்டுக்காரர் கடலில் இருக்கும் இரவில் அதை எடுக்காதீர்கள். அவர் வீட்டில் தூங்கும் இரவில், அல்லது படகுகள் கடலுக்குப் போகாத மீன்பிடித் தடைக்காலத்தில் வாசியுங்கள். கடல் இரவுகளுக்கு நான் வைத்திருப்பது கரைக்கதைகள்: கரிசல் காட்டுக் கதை, தஞ்சாவூர்க் கதை, மலையடிவாரக் கதை. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ அப்படி ஒன்று. பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்கிற சுகம் அதில் உண்டு. பயமுறுத்தாது, அவசரப்படுத்தாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லை தாண்டியதாகப் படகைப் பிடித்துவிட்டார்கள் என்று செய்தி வருகிற இரவில் எந்த நாவலும் ஓடாது. எந்தப் படகு, யார் யார் என்று தெரியும் வரைக்கும் எழுத்தே கண்ணில் நிற்காது. அன்று புத்தகத்தை எடுக்க வேண்டாம். தெருவில் மற்ற பெண்களோடு போய் உட்கார வேண்டும். வாசிப்பு எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படுவதில்லை. சில இரவுகளுக்கு மனுசர்கள்தான் வேண்டும்.

கடல் இரவில் அச்சுப் புத்தகம்தான் வசதி. ஃபோனில் வாசித்தால் சார்ஜ் இறங்கும், அந்த ஃபோன் விடியும் வரை உயிரோடு இருக்க வேண்டியது. ஃபோனில் வாசிப்பது எனக்குப் பகலுக்கு. இராமநாதபுரம் போகும் பஸ்ஸில், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, ரேஷன் கடை வாசலில், ஏலக்கூடத்தில் ஆள் வரும்வரை. மதுரைத் திட்டம் என்று ஒரு இணையதளம் 1998 பொங்கலில் தொடங்கியது. தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றிய பழைய தமிழ் நூல்கள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. கல்கியின் எழுத்து நாட்டுடைமையாக்கப்பட்டதால் அவருடைய நாவல்களும் அதில் இருக்கின்றன. வீட்டில் வைஃபை இருந்தால் அங்கேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பஸ்ஸில் டேட்டாவும் செலவாகாது, மெசேஜும் வந்து இழுக்காது. பாம்பன் பாலம் வந்ததும் மட்டும் ஃபோனை மூடி வைத்துவிடுவேன். சின்னவன் ஜன்னல் பக்கம் இழுத்து, இந்தப் பக்கம் எந்தக் கடல், அந்தப் பக்கம் எந்தக் கடல் என்று கேட்பான். வடகடல், தென்கடல் என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும்.

‘பொன்னியின் செல்வன்’ கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. புத்தகமாக 5 பாகம். பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அதைவிடத் தோதான பெரிய நாவல் எனக்குத் தெரியவில்லை. காரணம் அது வாரந்தோறும் வந்த கதை என்பதுதான். ஒவ்வொரு அத்தியாயமும் சின்னது, உலை கொதிப்பதற்குள் ஒன்றை முடித்துவிடலாம். அடுத்த வாரம் வரைக்கும் வாசகர் மறந்துவிடக் கூடாது என்று எழுதியவர் நினைத்திருப்பார், அதனால் முன்கதை அங்கங்கே தானாக நினைவுபடுத்தப்படும். இரண்டு நாள் விட்டுப்போனாலும் கதை கையை விட்டுப் போகாது. பிள்ளை பெற்ற பிறகு மறுபடி வாசிக்கத் தொடங்குகிறவர்களிடம் தொடராக வந்த நாவலிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். அத்தியாயப் பிரிவே இல்லாமல் பக்கம் பக்கமாக ஓடும் நாவல்களும் நல்லவைதான், ஆனால் அவற்றைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு எடுக்கலாம்.

விட்ட இடத்தைப் பிடிப்பதற்கு எனக்கு ஒரு வழி உண்டு. பக்க அடையாளத்துக்கு மூத்தவளின் பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வைத்துக்கொள்வேன். மூடும்போது அதில் பென்சிலால் ஒரே ஒரு வரி. ‘அண்ணன் வீட்டை விற்கக் கையெழுத்துப் போட்டாச்சு, அம்மாவுக்குத் தெரியாது.’ அவ்வளவுதான். வலை விட்ட இடத்தில் மிதவை போடுவது போல, மறுநாள் தேடாமல் நேராக அங்கே போய்விடலாம். பின்பக்கத்தில் ஆட்களின் பெயரும் உறவும் எழுதுவேன். மூன்று தலைமுறை வருகிற நாவல்களில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்திருப்பார்கள், நம் வீடுகளில் போலவே. வம்சக் கொடியை வரைந்து வைத்துக்கொள்ளாவிட்டால் நடுவில் குழம்பிப் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவோம். இப்போது அந்தக் கொடியை மூத்தவள் வரைந்து தருகிறாள். கதை தெரியாமலே, யாருக்கு யார் என்ன முறை என்று என்னைக் கேட்டுக் கேட்டு வரைவாள். சித்தப்பா, பெரியப்பா, மாமன், மச்சான் என்று முறை எல்லாம் அவளுக்கு அதிலேதான் படிந்தது.

ஒளிந்துகொண்டு வாசிக்கக் கூடாது. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். பிள்ளைகள் தூங்கின பிறகுதான் அம்மா புத்தகம் எடுக்க வேண்டும் என்றால், அவர்கள் கண்ணில் அம்மா எப்போதும் அடுப்படியிலும் ஃபோனிலும் இருப்பவளாகத்தான் தெரிவாள். சாயங்காலம் அவர்கள் வீட்டுப்பாடம் எழுதும் திண்ணையிலேயே நானும் புத்தகத்தோடு உட்காருவேன். நடுவில் கூப்பிட்டால் கோபப்பட மாட்டேன், ஆனால் எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம்: அம்மா இந்தப் பக்கத்தின் அடி வரைக்கும் வாசித்து முடித்ததும் வருவேன். ரத்தம், நெருப்பு, பாம்பு என்றால் உடனே. சின்னவன் பக்கத்தில் நின்று என் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பான், கடைசி வரிக்கு வந்ததும் கையைப் பிடித்து இழுப்பான். ஒரு பக்கம் காத்திருக்கப் பழகிய பிள்ளை, தன் விளையாட்டை முடிக்க என்னிடமும் அதே அவகாசத்தைக் கேட்கிறான். கொடுக்கத்தான் வேண்டும்.

அவர்களுக்கும் கையில் ஏதாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திண்ணையில் சண்டைதான். அரசுப் பள்ளிகளில் 4, 5 வகுப்புகளுக்கு ‘ஊஞ்சல்’, 6 முதல் 9 வரைக்கும் ‘தேன்சிட்டு’ என்று இதழ்கள் வருகின்றன. மூத்தவள் தேன்சிட்டு கொண்டுவருவாள். அரசின் வாசிப்பு இயக்கத்தில் வந்த சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக இருக்கும். எழுத்துக் கூட்டி வாசிக்கும் சின்னவனுக்கு அவை சரியாக இருக்கின்றன. அவன் வாசித்து முடித்த புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்து, உன் புத்தகம் ஏன் இன்னும் முடியவில்லை என்று கேட்பான்.

என் நாவலைப் பிள்ளைகளுக்கு அப்படியே வாசித்துக் காட்டுவதில்லை. பெரியவர்களின் துயரம் அதில் நிறைய இருக்கும். ஆனால் சோறு ஊட்டும்போதும், தலை பின்னும்போதும் ஒரு துண்டை எடுத்து வாயால் சொல்வேன். ஆயிரம் வருசத்துக்கு முன்னால் கோடிக்கரையில் ஒரு பெண் இருந்தாளாம், படகு ஓட்டுவாளாம் என்று தொடங்கினால் போதும். இதனால் எனக்கு இன்னொரு லாபம். சொல்லிப் பார்த்தால்தான் கதையில் எது எனக்குப் பிடிபட்டது, எது பிடிபடவில்லை என்று தெரிகிறது. ஏன் அவள் அப்படிச் செய்தாள் என்று மூத்தவள் கேட்டு நான் பதில் சொல்லத் தெரியாமல், அன்று இரவு அந்த அத்தியாயத்தைத் திரும்ப வாசித்திருக்கிறேன்.

அத்தையைப் பற்றிக் கொஞ்சம் நிறையச் சொல்ல வேண்டும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மருமகள் புத்தகமும் கையுமாக இருப்பது முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை, அதை மறைக்கவும் இல்லை. நான் வாதாடவில்லை. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலை நூலகத்திலிருந்து கொண்டுவந்திருந்தேன். 1977-இல் வந்த சின்ன நாவல், மணப்பாட்டுப் பக்கத்துக் கதை. வல்லம் என்கிற நாட்டுப்படகில் போகிறவர்களுக்கும் லாஞ்சி என்கிற இஞ்சின் படகு வைத்திருப்பவர்களுக்கும் நடக்கும் மோதல் அதில் வரும். வீட்டையும் வல்லத்தையும் விற்றுவிட்டு வா என்று மகன் கேட்கிறான், கடலை விட்டு வர அப்பனுக்கு மனசில்லை. அத்தை வலை பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்குத் தெரிந்த விசயம்தான் கேளுங்கள் என்று சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். இரண்டு பக்கம் போனதும் கை நின்றுவிட்டது. “ஏத்தா, இது யாரு வீட்டுல நடந்துச்சு?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு மாலையில் அத்தையே கூப்பிடுவார். அவர் கேட்கும் முறை வேறு. ஒவ்வொரு ஆளையும் தனக்குத் தெரிந்த ஒருவரோடு சேர்த்துக்கொள்வார். இவன் நம்ம இன்னார் மாதிரி என்பார். கதையில் வல்லம் வந்ததும் தன் அப்பாவின் வல்லத்தைப் பற்றிப் பேசுவார், இந்தக் கரைக்கு இஞ்சின் படகு வந்தபோது பெரியவர்கள் என்ன பேசினார்கள் என்று சொல்வார். அப்படி ஒரு சாயங்காலம்தான் 1964 டிசம்பர்ப் புயலைப் பற்றி முதன்முதலாக எங்களிடம் முழுசாகச் சொன்னார். தனுஷ்கோடி அழிந்த அந்த இரவில் அவர் சிறு பிள்ளை. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயிலைக் கடல் கொண்டுபோனது, பிறகு வந்த நாட்களில் கரையில் பெரியவர்கள் யாரைத் தேடி அலைந்தார்கள், வீட்டில் எத்தனை நாள் அடுப்பு எரியவில்லை, எல்லாம். அத்தனை வருசம் அதே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது. நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொல்ல வாய்க்கவில்லை. இன்னொருவர் வீட்டுக் கதையைக் கேட்ட பிறகுதான் தன் கதையும் சொல்லத் தக்கது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

வீட்டில் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். பேச்சுத் தமிழில் உரையாடல் நிறைந்த நாவலாகத் தேர்ந்தெடுங்கள், வர்ணனை நீளும் இடத்தைத் தாண்டிப் போனாலும் தப்பில்லை. வட்டார வழக்கு புரியவில்லையே என்று தயங்க வேண்டாம். தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ எனக்குக் கண்ணால் வாசித்தபோது முதல் பக்கங்களில் தடுமாற்றமாக இருந்தது. குமரிக் கரை இஸ்லாமியர்களின் பேச்சு நம் காதுக்குப் புதிது. வாய்விட்டு வாசித்ததும் பாதி வார்த்தைகள் தானாக விளங்கின, மீதியை அத்தை ஊகித்துச் சொன்னார். பேச்சாக எழுதப்பட்டதைப் பேச்சாகவே கேட்பதுதான் வழி.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில். பிள்ளைகளுக்கும் கோடை விடுமுறை. வீடு நிறைய ஆள், கையில் காசு இல்லை. அந்த நேரத்தில் கேரளாப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. என் வீட்டுக்காரர் இங்கேயே படகுப் பராமரிப்பு, பெயிண்டு, வலை வேலை என்று இருப்பார். பகலில் எனக்குத் தனியாக வாசிக்க ஒரு பொழுதும் கிடைக்காது. முன்பெல்லாம் அந்த இரண்டு மாதமும் புத்தகம் அப்படியே கிடக்கும். இப்போது அதுதான் எங்கள் வீட்டில் சேர்ந்து வாசிக்கிற காலம். இரவுச் சாப்பாடு முடிந்து மொட்டை மாடியில் பாய் விரித்ததும் ஒரு அத்தியாயம், சில நாள் இரண்டு. பொன்னியின் செல்வனை அப்படித்தான் எல்லோருமாக வாசித்தோம். மூத்தவளும் நானும் மாறி மாறி வாசிப்போம்.

என் வீட்டுக்காரர் புத்தகம் தொடாதவர். முதல் சில நாள் ஃபோனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கோடிக்கரையில் படகு ஓட்டும் பெண் பூங்குழலி இரவில் படகை எடுத்துக்கொண்டு வந்தியத்தேவனை இலங்கைக்குக் கூட்டிப் போகும் இடம் வந்தது. “நில்லு புள்ள, அது எந்த மாசம்?” என்றார். கதை ஆடிப் பெருக்கில் தொடங்குகிறது என்றேன். “அப்பக் கச்சான் காத்து. கோடிக்கரையில இருந்து கெழக்க போறது சுலபம், திரும்பி வர்றதுதான் பாடு” என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் கடல் வரும் இடமெல்லாம் அவருடையது. சுழல்காற்று எப்படி வரும், வானம் எப்படி இருக்கும், அந்த நேரத்தில் படகை எப்படித் திருப்புவார்கள் என்று அவர் சொல்ல, பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். அப்பா கடலில் என்ன செய்கிறார் என்பது அவர்களுக்கு அதுவரை சரியாகத் தெரியாது. டோக்கன், டீசல், மீன் விலை, கடன் என்பதுதான் வீட்டுப் பேச்சு. ஒரு நாவல் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொன்னதால் தெரிந்தது. வாசிக்காத ஆளை வாசிக்க வைக்க முயல வேண்டியதில்லை. அவருக்குத் தெரிந்த உலகம் வரும் பக்கத்தை எடுத்து, உங்களுக்குத் தெரியுமே, இது சரியா என்று கேட்டால் போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று எழும்பி, பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் படகும் போகாது, பள்ளிக்கும் பல நாள் லீவு, கரண்டும் போய்விடும். அப்போதும் இதே கூட்டு வாசிப்புதான், எமர்ஜென்சி விளக்கில். ஒரே ஒரு முன்னேற்பாடு வேண்டும்: மழை தொடங்குவதற்கு முன்பே நூலகப் புத்தகங்களை எடுத்து வைத்துவிடுங்கள்.

உப்புக்காற்றில் புத்தகம் கெடுவதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இங்கே அது பெரிய பாடு. உப்பு ஈரத்தை இழுக்கும், தாள் பதத்துப் போகும், ஸ்டேப்ளர் பின் அடித்த புத்தகத்தில் துரு ஏறி அந்த இடம் ஓட்டையாகும். பின் போட்ட மெல்லிய புத்தகம் வாங்கினால் பின்னை எடுத்துவிட்டு ஊசி நூலால் தைத்துவிடுவேன். அலமாரி எங்கள் வீட்டில் உள்பக்கச் சுவரில் இருக்கிறது. வாடையில் மழைச் சாரல் வடக்குச் சுவரில்தான் அடிக்கும், அந்தச் சுவர் மாதக்கணக்கில் ஈரம் காக்கும். புத்தகத்துக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட வேண்டும். நெருக்கி அடுக்கக் கூடாது. பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பத்திரம் என்று நினைப்பார்கள், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமல் பூஞ்சை பிடிக்கும். துணிப்பையும் பிரவுன் தாள் அட்டையும் நல்லது. காய்ந்த வேப்பிலையும் ஒரு துண்டு வசம்பும் வைத்தால் பூச்சி அண்டாது. ஓலைச்சுவடிக் காலத்திலிருந்தே வசம்பு உண்டு. மழைக்காலம் முடிந்ததும் தை மாதத்தில் எல்லாவற்றையும் எடுத்து விரித்து நிழலில் காற்றாட வைக்க வேண்டும். நேர் வெயிலில் வைத்தால் பசை வெடித்துப் பக்கம் கழன்றுவிடும். மீன் கழுவிய கையைப் புளி தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் புத்தகத்தைத் தொடுவேன். நூலகப் புத்தகம் நமக்குப் பிறகு இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டியது.

காசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாவல் விலை இப்போது சாதாரணமில்லை. வருசத்துக்கு ஒன்றிரண்டுதான் நான் வாங்குவது, அதுவும் திரும்பத் திரும்ப வாசிப்பேன் என்று தெரிந்ததை மட்டும், இராமநாதபுரம் புத்தகத் திருவிழாவில் தள்ளுபடியோடு. பிள்ளைகளும் உண்டியலில் சேர்த்ததைக் கொண்டுவருவார்கள். மற்றதெல்லாம் நூலகம். தமிழ்நாட்டில் பொது நூலகச் சட்டம் வந்தது 1948-இல், இந்தியாவில் இதற்கு மற்ற மாநிலங்களுக்கெல்லாம் முன்னோடி நாம்தான். நாம் கட்டும் வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது. ரசீதை எடுத்துப் பாருங்கள், அதில் இருக்கும். வரி கட்டிவிட்டு நூலகத்துக்குப் போகாமல் இருக்கும் குடும்பங்கள்தான் எங்கள் தெருவில் அதிகம். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அதில் ஒன்று, வாசகரின் நேரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிற அம்மாவுக்காகவே எழுதியது என்று எனக்குத் தோன்றும். அலமாரி அலமாரியாகத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். போன தடவை வாசித்ததில் எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று நூலகரிடம் சொல்லுங்கள். அந்த மாதிரி அடுத்தது எது என்று அவர்கள் எடுத்துத் தருவார்கள். வேண்டிய நாவல் இல்லை என்றால் அதற்கான நோட்டில் எழுதி வையுங்கள். எடுத்து வந்த நாவல் முப்பது நாற்பது பக்கத்துக்குப் பிறகும் உள்ளே இழுக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நமக்கு இருப்பது சில இரவுகள், பிடிக்காத புத்தகத்தோடு அதைக் கழிக்க வேண்டாம்.

வீட்டில் ஆளுக்கொரு அட்டை எடுங்கள், பிள்ளைகளுக்கும் சேர்த்து. அப்போதுதான் ஐந்து பாகத்தில் இரண்டு மூன்றை ஒரே நேரத்தில் கொண்டுவரலாம், நடுப்பாகம் வேறு யாரிடமோ மாட்டிக்கொள்ளாது. முகவரிக்குச் சான்றும் சிறு காப்புத்தொகையும் கேட்பார்கள். எங்கள் பக்கத்துக் கிளை நூலகம் வெள்ளிக்கிழமை திறக்காது. நான் போவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சனிக்கிழமை போன படகு வந்து, மீன் வேலையெல்லாம் முடிந்த பிறகு. திங்கள் இரவுக்குப் புத்தகம் கையில் இருக்கும்.